நேரில் போய்ப் பார்க்காமலே வெளிநாட்டில் கல்யாணம்: இணையத்தை வைத்தே ஏற்பாடு செய்ய முடியுமா?

அலைகடல்:
இன்னொரு நாட்டில் கடற்கரை ஓரமாகக் கல்யாணம் வைக்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். அறுபது பேர் வருவார்கள். முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வர எங்கள் இருவருக்குமே விடுப்பு கிடைக்காது. இரவெல்லாம் உட்கார்ந்து ரிசார்ட் இணையதளங்களைப் பார்த்துப் பார்த்து, இப்போது எல்லாமே ஒன்றுபோல் தெரிகிறது. பிடித்திருக்கிற ஒரு இடத்தில், இந்த வாரத்துக்குள் பாதிப் பணத்தை அனுப்பினால்தான் தேதியை உறுதி செய்வோம் என்கிறார்கள். எதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது? அங்கே செய்கிற கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்று அம்மா தினமும் கேட்கிறார், அதற்கும் பதில் வேண்டும்.

நிதானம்:
அம்மா கேட்பதுதான் முதல் கேள்வி, இடம் அப்புறம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. பிரான்ஸில் சட்டப்படி கல்யாணம் செய்ய வேண்டுமென்றால், இருவரில் ஒருவருக்கோ அவருடைய பெற்றோருக்கோ அந்த ஊரில் வீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது ஒரு மாதமாவது அங்கே தங்கியிருக்க வேண்டும். நான்கு நாள் விடுப்பில் போகிறவர்களுக்கு இது நடக்கிற காரியமா? அதனால்தான் நிறையப் பேர் பதிவைச் சொந்த நாட்டிலேயே முடித்துவிட்டு, அங்கே விழாவை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நிம்மதி.

இல்லை, அங்கேயேதான் பதிவு என்றால், கிடைக்கிற சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது அது உண்மையான அரசு ஆவணம்தான் என்று வேறு நாட்டுக்குக் காட்டுகிற முத்திரை, வாங்க வேண்டியிருக்கும். இது 1961-இல் ஹேக் நகரில் போட்ட உடன்படிக்கையின்படி வந்த முறை. இரண்டு நாடுகளும் அதில் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டால் தூதரகம் வழியாகச் சான்றொப்பம் வாங்கி அலைய வேண்டும். இந்த விவரங்களை ஏஜென்ட் பக்கங்களில் படிக்காதீர்கள், அந்த நாட்டு அரசு இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.

வெயில்நேரம்:
இடத்தைச் சரிபார்ப்பது பற்றிச் சொல்கிறேன். அவர்கள் போட்டிருக்கிற படங்களை ஓரம்கட்டிவிட்டு, கூகுள் மேப்ஸில் விருந்தினர்கள் போட்ட படங்களைப் புதியதிலிருந்து வரிசைப்படுத்திப் பாருங்கள். குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதைப் பொறுமையாகப் படியுங்கள், ஒரே குறையை மூன்று நான்கு பேர் சொன்னால் அது உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதே மேப்ஸில் தெருவை நேரில் நின்று பார்ப்பதுபோல் காட்டுகிற ஸ்ட்ரீட் வியூவில் படம் எந்த மாதம், எந்த வருடம் எடுத்தது என்று போட்டிருக்கும், அதையும் கவனியுங்கள். சந்தேகமான படத்தை, படத்தை வைத்தே இணையத்தில் தேடுகிற கூகுள் லென்ஸில் போட்டால் அது வேறு இடத்துப் படமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்புறம் வீடியோ கால். விழா மாலை ஐந்து மணிக்கு என்றால், அந்த ஊர் நேரம் ஐந்து மணிக்கே கூப்பிடச் சொல்லுங்கள். வாசலிலிருந்து மேடை வரைக்கும், அங்கிருந்து கழிப்பறை வரைக்கும் கேமராவை நிறுத்தாமல் நடக்கச் சொல்லுங்கள். எத்தனை படிக்கட்டு, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா, காற்றில் பேசுகிறவர் குரல் கேட்கிறதா, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நடக்க மாட்டேன் என்று இழுத்தடித்தால் அந்த இடமே வேண்டாம்.

கடற்கரை என்பதால் இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அலை ஏற்றம் அதிகமாக இருக்கும், மேடை போடுகிற மணல் ஈரமாகிவிடலாம். அந்தத் தேதிக்கான அலை அட்டவணையைப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை சன்கால்க் தளத்தில் தேதி போட்டுப் பார்த்தால், விருந்தினர்கள் கண்ணில் நேராக வெயில் அடிக்குமா என்பதும் தெரியும்.

கணக்கன்:
பாதிப் பணத்தை இந்த வாரம் அனுப்பாதீர்கள்! இப்படி அவசரப்படுத்துவதே எனக்குச் சரியாகப் படவில்லை. சிறிய முன்பணம், பிறகு தவணைகள், கடைசித் தவணை விழாவை ஒட்டி என்று கேளுங்கள். தள்ளிவைத்தால் என்ன, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், மழை வந்தால் உள்ளே எந்தக் கூடம், பணம் எந்த நாணயத்தில், எல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் பேச்சில் இருந்தால் போதாது.

முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது. என் தங்கை கல்யாணத்தின்போது அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. பூ அலங்காரக்காரர் பெயரில், அவர் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்டதால்தான் பிழைத்தோம்.

அலைகடல்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பதிவை இங்கேயே முடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன், முகம் மலர்ந்துவிட்டது. ரிசார்ட்டுக்கு வீடியோ காலும் தவணையும் கேட்டு எழுதியிருக்கிறேன். வருகிறவர்களுக்கு எவ்வளவு முன்பே சொல்ல வேண்டும்?

நிதானம்:
தேதி உறுதியான அன்றே சொல்லிவிடுங்கள். ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) என்றால் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பாஸ்போர்ட் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். வேறு சில நாடுகளில் 6 மாதம் கேட்பார்கள். பெரியவர்கள் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.