மறு: நிறத்தில் தரவு வைக்கும் பார்கோடு – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> வண்ணப் பட்டைக்குறி என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கடைகளில் நீலத்திலும் பச்சையிலும் க்யூஆர் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அங்கே நிறம் வெறும் அலங்காரம். செயலி அதை வெளிர், அடர் என்று இரண்டாகப் பிரித்துத்தான் படிக்கிறது. நாம் பெயர் தேடுவதிலோ நிறமே தரவு. கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டத்துக்கு 1 பிட் (தரவின் மிகச்சிறிய அலகு). 4 நிறம் என்றால் 2 பிட், 8 நிறம் என்றால் 3. பல நிறம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ஆகவே 'பன்னிற'.

> பட்டையே இல்லையே! முக்கோணக்குறி?

பட்டை இல்லை என்பது சரிதான் அம்மா, விட்டுவிடுவோம். முக்கோணத்தைத்தான் ஏற்க மனமில்லை. அது மைக்ரோசாப்ட் டேகின் அடையாளம்; முக்கோணத் துண்டுகளில் நிறமாகத் தரவு வைத்த குறி அது. 2009-இல் வந்தது, 2015-இல் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வகத்தில் பிறந்த ஜாப் கோடும் நிறத்தில் தரவு வைப்பதுதான், ஆனால் அதில் எல்லாம் சதுரம். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2022-இல் 23634 என்ற எண்ணில் தரப்படுத்தியது இதைத்தான். வடிவத்தைப் பெயரில் வைத்தால் இரண்டில் ஒன்று வெளியே நிற்கும்.

வெறும் 'பன்னிறக்குறி' என்றால் மின்தடையின் மேல் அதன் அளவைக் காட்டும் நிறவளையம்கூட அதற்குள் வந்துவிடும். என் பரிந்துரை: பன்னிறத் தரவுக்குறி. கொஞ்சம் நீளம்தான்.

இதோடு இன்னொரு சொல்லும் தேவைப்படும். மை வெளுக்கும், டியூப்லைட்டில் ஒரு மஞ்சள், வெயிலில் வேறு மஞ்சள். கேமரா எதை நம்பும்? அதற்காகத்தான் பயன்படுத்திய நிறங்களின் மாதிரியைக் குறிக்குள்ளேயே அச்சிட்டு வைக்கிறார்கள். செயலி முதலில் அதைப் பார்த்துக்கொண்டு, மற்ற கட்டங்களின் நிறத்தை அதோடு ஒப்பிட்டு முடிவுசெய்கிறது. பொன்னுக்கு உரைகல் போல. 'உரைநிறம்' என்று சொல்ல ஆசைதான், ஆனால் கணினியில் உரை என்றாலே எழுத்து என்று பழகிவிட்டோம். 'ஒப்புநிறம்' எப்படி?

குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு நிறத் துணுக்குக்கும் 'நிறக்கூறு' என்ற பெயர் போதும். சதுரமோ முக்கோணமோ, இரண்டுக்கும் பொருந்தும்.

தரவுக்குறி என்பதில் ஒருவருக்காவது உறுத்தல் இருந்தால் இந்த இழையிலேயே சொல்லிவிடுங்கள், விக்சனரியில் ஏற்றுமுன் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.