2019 சென்னைத் தண்ணீர்ப் பஞ்சம்: இன்னும் உங்களை உறுத்துவது எது?

வில்லிவாக்கம்_வாசி:
ஜூலை 12, ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்த அன்று நடைமேம்பாலத்தில் நின்றிருந்தேன். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். எங்கு பார்த்தாலும் கேமரா. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு அக்கா. "இங்கயே புடிச்சுக்கலாமா தம்பி?" என்றார். "இல்லக்கா, கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது" என்றேன். குடங்களை இடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஊருக்கு அப்போது நாளொன்றுக்கு விட்டதே சுமார் 52 கோடி லிட்டர், வழக்கமாக 83 கோடி. ரயிலில் வந்தது கால் கோடி!

ஏலகிரி_அடிவாரம்:
கால் கோடிதானே என்று சொல்லாதீர்கள். அது வேலூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஜோலார்பேட்டைப் பக்கம் எங்களுக்கு வந்த மேட்டூர்த் தண்ணீர். அன்று எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. அம்மா டிவியில் ரயிலைப் பார்த்துவிட்டு, "நம்ம தண்ணி போவுது பாரு" என்றார். தரக்கூடாது என்று சொல்லவில்லை, என் அக்கா குடும்பமே சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்கிற ஊருக்கு என்றைக்குத் தண்ணீர் வரும் என்பதையும் சேர்த்துத்தானே திட்டம் போட வேண்டும்?

பூண்டி_பக்கம்:
பக்கத்து நிலத்து போர்வெல்லில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் லாரி நிரப்புவார்கள். ஒருநாள் காலை எங்கள் கிணற்று மோட்டார் வெறுமனே ஓடியது. அப்பா ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் ஒரே சேறு. விற்றவரை எப்படித் திட்டுவது? நெல்லில் வராத காசு அவருக்குத் தண்ணீரில் வந்தது.

மாடித்தோட்டம்:
எங்கள் அடுக்குமாடியில் சம்ப் காலி, லாரிக்காரர் போனையே எடுக்கவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் அந்தக் குழி மண் மூடிக் கிடக்கிறது. செப்டம்பருக்குள் ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். பழைய கிணறு இருந்தால் மூடாதீர்கள், மாடிக் குழாயை வடிகட்டி அதில் விடுங்கள். வடிகட்டாமல் போர்வெல்லுக்குள் மட்டும் விடவே வேண்டாம். குடியிருப்போர் கூட்டத்தில் பெயின்ட் செலவுக்கு முன்னால் இதைப் பேசுங்கள். ரயிலையும் லாரியையும் குறை சொல்வதைவிட இது முக்கியம்.

செம்பரம்பாக்கம்_கரை:
மாடித்தோட்டம், குழியைத் தூர்வாரச் சொல்வது சரி. ஆனால் ஒரு கோடி பேர் ஊரை வீட்டுக் குழிகள் மட்டும் காப்பாற்றாது. அந்த ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் இறங்கி நடந்தேன். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் பாய்ந்த அதே மதகின் அடியில் நின்று கதவை நிமிர்ந்து பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நாலும் நிரம்பினாலும் சுமார் 11 டிஎம்சிதான் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). 1983 ஒப்பந்தப்படி ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டிஎம்சி வர வேண்டும். பல ஆண்டு அதில் பாதிகூட வரவில்லை. மழையையும் பக்கத்து மாநிலத்தையும் மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குத் தரும் நிலையங்கள் வந்தன, தலா 4.5 கோடி லிட்டர். ஒரு நிலையம் ஒரு நாளில் தருவது அந்த ரயிலைப்போல 18 மடங்கு. வந்ததோ 2019 கடைசியில், பஞ்சமெல்லாம் முடிந்த பிறகு. ஏலகிரி நண்பரே, இவை பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் உங்கள் ஊர்த் தண்ணீரில் நாங்கள் கை வைத்திருக்க வேண்டியதில்லை.