ஆங்கிலப் பாசேஜை வாசிச்சு முடிக்கிறன், கேள்விக்குப் பதில்தான் வருதில்லை

கொட்டாஞ்சேனைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் உயிரியல் செய்தனான், தமிழ் மொழிமூலம். இப்ப ஐஈஎல்டிஎஸ் அகடமிக் (வெளிநாட்டுப் படிப்புக்குக் கேக்கிற ஆங்கிலச் சோதினை) எழுதோணும். பேசுறதைச் சமாளிப்பன், வாசிப்புப் பகுதிதான் உதைக்குது. 60 நிமிசத்துக்குள்ள 3 பாசேஜ், 40 கேள்வி. ஒண்டு தேனீயைப் பற்றி, அடுத்தது ஏதோ ஐரோப்பிய ஓவியம், பிறகு பழைய நகரம் ஒண்டைத் தோண்டின கதை. சொல்லுக்குச் சொல் டிக்சனரி பாத்தால் அரைப் பக்கத்திலயே நித்திரை வருது. ரியூட்டரியில "பாஸ்ட் பேப்பர் செய், பாஸ்ட் பேப்பர் செய்" எண்டதைத் தவிர வேற கதை இல்லை. செலவில்லாமல் ஏதாவது வழி இருக்கா?

தெஹிவளை_ரவுண்டபவுட்:
தினமும் இங்கிலிஷ் பேப்பர் வாசியும் மச்சான். தானா வரும்.

வெள்ளவத்தை ரீச்சர்:
தம்பி, பேப்பர் வாசிக்கச் சொல்லுறது சரி. ஆனால் முதல் பக்கத்து அரசியலில தொடங்கினீங்கள் எண்டால் ஒரு கிழமை தாங்காது. கடைசிப் பக்கத்தில தொடங்குங்கோ. ராத்திரி பாத்த மட்ச்சின்ர ரிப்போட்டை வாசியுங்கோ. தெரியாத சொல் கிடந்தாலும் விளங்கும், ஏனெண்டால் ஆர் எப்பிடி அவுட் ஆனது எண்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இது என்ர கண்டுபிடிப்பு இல்லை. 1988இல் அமெரிக்காவில ரெக்ட், லெஸ்லி எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு பேஸ்போல் ஆட்டம் ஒண்டைப் பற்றின பகுதியைக் குடுத்துப் பாத்தவை. வாசிப்பில பின்தங்கின, ஆனால் பேஸ்போல் தெரிஞ்ச பிள்ளைகள், நல்லா வாசிக்கத் தெரிஞ்சும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விடத் திறமாச் செய்தினம். என்ர வகுப்பிலயும் இதைத்தான் பாக்கிறன். உங்கட ஆங்கிலம் பாதிப் பிரச்சினைதான். ஓவியத்தைப் பற்றித் தமிழிலயும் நீங்கள் ஒண்டும் வாசிக்கேல்லை எண்டது மற்றப் பாதி. கோவிக்காதேங்கோ.

விஞ்ஞானம் உங்கட சொந்த வீடு, அங்க இருந்து தொடங்குங்கோ. தரம் 11 விஞ்ஞானப் புத்தகம் தமிழிலயும் ஆங்கிலத்திலயும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில இலவசமாக் கிடக்கு. ஒளித்தொகுப்பு அத்தியாயத்தை ஆங்கிலத்தில எடுங்கோ, தமிழ்ப் புத்தகத்தை மூடி வையுங்கோ. ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில பென்சிலால ஒரு வரி எழுதோணும்: இந்தப் பந்தி இங்க என்ன செய்யுது? வரைவிலக்கணம் சொல்லுதா, காரணம் காட்டுதா, பரிசோதனையை விவரிக்குதா? இலையைக் கொதிநீரில போட்டு, மதுசாரத்தில பச்சையத்தை எடுத்து, அயடீன் விட்டுக் கருநீலம் வருதோ எண்டு பாத்த ஆள் நீங்கள். அதையே ஆங்கிலத்தில "இலை இடப்படுகிறது, கழுவப்படுகிறது" எண்ட தோரணையில, செய்யிற ஆளை மறைச்சு எழுதியிருக்கும். அந்த நடை கண்ணுக்குப் பழகினால் தேனீப் பாசேஜும் அப்பிடித்தான். பிறகு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து உங்கட வரிகளைச் சரி பாருங்கோ.

இலக்கியம். ஐஈஎல்டிஎஸ்ஸில கதை வராது, ஆனாலும் வாசியுங்கோ. எழுதினவர் நக்கலடிக்கிறாரோ, சந்தேகப்படுறாரோ எண்டு பிடிக்கிற காது கதையிலதான் வளரும். தெரிஞ்ச மண்ணில நடக்கிற கதை எண்டால் லேசு. லெனார்ட் வூல்ஃப் 1908இல இருந்து 1911 வரைக்கும் அம்பாந்தோட்டையில உதவி அரசாங்க அதிபரா இருந்தவர். அந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒண்டை வைச்சு 1913இல "தி வில்லேஜ் இன் த ஜங்கிள்" எண்ட நாவலை வெளியிட்டவர். வரட்சியும் சேனையும் கடனும் உங்களுக்குப் புதுசில்லை, ஆங்கிலத்தோட மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

கலாசாரத்துக்கு தேசிய நூதனசாலைக்குப் போங்கோ. விளக்கப் பலகைகள் பெரும்பாலும் மூண்டு மொழியிலயும் இருக்கும். ஆங்கிலத்தை வாசிச்சிட்டுத்தான் தமிழைப் பாக்கோணும். அதே வீதியில பொது நூலகமும் இருக்கு.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பெரிய நன்றி ரீச்சர். இன்னொண்டு. ட்ரூ, ஃபோல்ஸ், நொட் கிவன் கேள்வியில ஃபோல்ஸுக்கும் நொட் கிவனுக்கும் இடையில எப்பவும் மாட்டுப்படுறன்.

வெள்ளவத்தை ரீச்சர்:
நூதனசாலையில இருக்கிற காலி மும்மொழிக் கல்வெட்டையே எடுப்பம். பாசேஜ் இப்பிடி எண்டு வைப்பம்: "1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட இந்தக் கல்வெட்டு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கடற்பயணத்தோடு தொடர்புடையது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது."

கேள்வி ஒண்டு: மூண்டு பகுதியும் ஒரே தெய்வத்தைப் போற்றுகின்றன. இது ஃபோல்ஸ், ஏனெண்டால் பாசேஜே மறுக்குது. மறுக்கிற வரியில நீங்கள் விரலை வைக்கலாம்.

கேள்வி ரெண்டு: செங் ஹவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. உடனே மனசு "தெரியாமல் எப்பிடித் தமிழில வெட்டினது?" எண்டு கேக்கும். வேற ஆரும் எழுதிக் குடுத்திருக்கலாம், பாசேஜ் அதைப் பற்றி வாயே திறக்கேல்லை. விரல் வைக்க வரி இல்லை, அப்ப நொட் கிவன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில கூட விழுறது, தங்கட அறிவால இடைவெளியை நிரப்பிப்போடுங்கள். வாசிக்கிறதுக்கு முந்தின அறிவு வேணும் எண்டு மேல சொன்னனான். விடை போடேக்க அதை ஒதுக்கி வைக்கோணும்.

மருதானை_லைப்ரரி:
ரீச்சர் சொன்னதோட ஒத்துப்போறன், ஆனால் டிக்சனரியை ஒரேயடியா விட்டிடாதேயும் தம்பி. வசதியா வாசிக்க 100 சொல்லுக்கு 98 அளவில தெரிஞ்சிருக்கோணும் எண்டு போல் நேஷன் போன்ற மொழி ஆய்வாளர்கள் சொல்லுவினம். டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனால், நடுப் பக்கம் ஒண்டைத் திறந்து 100 சொல் எண்ணும். தெரியாதது ரெண்டு மூண்டு எண்டால் வாங்கும். பத்துக்கு மேல எண்டால் கடைக்காரர் எவ்வளவு குறைச்சாலும் வைச்சிட்டு வாரும். பழைய விஞ்ஞான சஞ்சிகைகளையும் கேட்டுப் பாரும், சொன்ன விலைக்கு வாங்காதேயும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஆங்கிலப் புத்தகத்தை டவுன்லோட் பண்ணிட்டன். தமிழ் தங்கச்சியிட்ட இருக்கு. ரீச்சர், அந்தப் பென்சில் வரியைத் தமிழில எழுதுறதா, ஆங்கிலத்திலயா?

வெள்ளவத்தை ரீச்சர்:
தமிழில. ஆங்கிலத்தில எழுதச் சொன்னால் பந்தியின்ர முதல் வசனத்தை அப்பிடியே கொப்பி பண்ணுவீங்கள். தங்கச்சியின்ர புத்தகத்தில கிறுக்காதேங்கோ, அடுத்த வருசம் திருப்பிக் குடுக்கிறது.