11 பாகை, 22 பாகையை விட இருமடங்கு குளிரா?

கோண்டாவில் வாசகர்:
தை மாத விடியலில் யாழ்ப்பாணத்தில் 22 பாகை செல்சியஸ் இருந்தபோது, நுவரெலியாவில் வசிக்கும் என் மகள் அங்கே 11 பாகை என்றாள். “அப்படியானால் உனக்கு எங்களை விட இருமடங்கு குளிர்” என்றேன். பௌதிகவியல் படித்த மருமகன் அப்படிச் சொல்லவே கூடாது என்கிறார். எடையிலும் தூரத்திலும் பாதி, இருமடங்கு என்று பேசுகிற நாம் வெப்பநிலையில் மட்டும் ஏன் பேசக்கூடாது?

பருத்தித்துறை ஆசிரியை:
ஐயா, மருமகன் சொன்னதே சரி. 2 கிலோ அரிசியை 1 கிலோவின் இருமடங்கு என்று சொல்ல முடிவது, பூச்சியம் கிலோ என்றால் அரிசியே இல்லை என்பதால்தான். செல்சியஸ் அளவுகோலின் பூச்சியமோ நீர் உறையும் நிலைக்கு வசதி கருதி இட்ட குறி மட்டுமே. 1742 இல் அன்டர்ஸ் செல்சியஸ் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்று தலைகீழாகவே வகுத்திருந்தார். அது அப்படியே நிலைத்திருந்தால் உங்கள் 22 பாகை 78 என்றும் மகளின் 11 பாகை 89 என்றும் எழுதப்பட்டிருக்கும், இருமடங்கு என்ற எண்ணமே உங்களுக்கு வந்திராது. விகிதம் பார்க்க வேண்டுமானால், அதற்குக் கீழே வெப்பநிலை இறங்கவே முடியாத தனிப்பூச்சியத்திலிருந்து (−273.15 பாகை செல்சியஸ்) எண்ணும் கெல்வின் அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். அதில் இவை 295.15, 284.15, வேறுபாடு 4 சதவீதத்துக்கும் குறைவு. 22 பாகையின் உண்மையான பாதி ஏறத்தாழ −125.6 பாகை. பூமியின் தரைநிலையங்களில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலையே, 1983 ஜூலையில் அந்தாட்டிக்காவின் வொஸ்தொக்கில் பதிவான −89.2 பாகைதான்.

சுன்னாகம் வாசகர்:
ஆசிரியையின் கணக்கில் பிழையில்லை, ஆனால் ஐயா கேட்டது அதுவன்று. வளியின் மூலக்கூறுகளுடைய சக்தி 4 சதவீதம் குறைந்தது என்பது கூதலில் நடுங்கும் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. அவள் உடல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்பதே கேள்வி. தோலின் வெப்பநிலையை 33 பாகை என்று கொண்டால், நியூட்டனின் குளிரல் விதிப்படி வெப்ப இழப்பு இந்த 33க்கும் சுற்றுப்புற வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு விகிதசமமாகும். இங்கே அந்த வேறுபாடு 11, அங்கே 22. ஆகவே ஐயா சொன்ன இருமடங்கு நிற்கிறது.

பருத்தித்துறை ஆசிரியை:
நிற்பது உங்கள் காரணத்தால். அவருடைய காரணத்தால் அன்று. இங்கே 20, அங்கே 10 என்றிருந்தால் அவர் அப்போதும் இருமடங்கு என்றுதான் சொல்லியிருப்பார், உங்கள் கணக்கோ 13க்கு 23, அதாவது ஒன்றேமுக்கால் மடங்கு என்று சொல்லும். எண்கள் தற்செயலாகப் பொருந்தியதை நியாயம் என்று கொள்ளக்கூடாது. உடலின் உணர்வை நம்பவும் நான் தயங்குகிறேன்: மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதே நீர் பங்குனி மதியத்தில் தண்ணென்று இருக்கிறது, ஆனால் நீரின் வெப்பநிலையோ பெரிதாக மாறுவதில்லை.

சுன்னாகம் வாசகர்:
கிணற்று நீர் என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. குளிர் என்பது ஒரு பொருளுக்குள் தனியாக இருப்பதன்று, இரண்டுக்கு இடையில் இருப்பது. அதனால்தான் எதிலிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்கிறேன். நான் உணர்வைப் பற்றிப் பேசவில்லை, வெப்ப இழப்பு அளக்கக்கூடிய அளவு. கம்பளி போர்த்தால் இழப்பு குறையும், ஆனால் இரு ஊரிலும் ஒரே கம்பளி என்றால் விகிதம் மாறாது. காற்று வீசினால், அல்லது தோல் நனைந்திருந்தால், இந்த எளிய கணக்கு போதாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கோண்டாவில் வாசகர்:
என் எண்ணை வைத்து நான் வகுத்தது பிழை என்று ஏற்றுக்கொள்கிறேன். மகளுக்கு இன்று எழுதியபோது, “எங்களை விட உனக்கு 11 பாகை குறைவு” என்றே எழுதினேன். இருமடங்கு என்ற சொல்லைச் சுன்னாகத்தவர் சொன்ன பொருளில், காற்றில்லாத காலைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.