குளம் தேடாத தவளைகள்

கொழும்பிலிருந்து சிங்கராஜ வனத்துக்குச் சென்று வருபவர்கள் பெரும்பாலும் அட்டைக் கடியையும் பறவைக் கூட்டங்களையும் பற்றியே பேசுவார்கள். அங்கு நான் கண்டவற்றுள் முதலிடம் தருவது ஒரு சிறிய தவளையினத்தின் முட்டைகளுக்குத்தான்.

வெள்ளவத்தையிலிருந்து நானும் என் மருமகனும் விடியுமுன் புறப்பட்டு, கலவானை வழியாகக் குடாவ நுழைவாயிலை அடைந்தபோது, இரவு பெய்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாதையோர மண்மேடு ஓரிடத்தில் கரைந்திருந்தது. எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அங்கே குனிந்து, "மாத்தையா, தொட வேண்டாம், பாருங்கள்" என்றார். மண்துகள்கள் ஒட்டிய கண்ணாடி மணிகளைப் போன்ற சில முட்டைகள் அங்கே கிடந்தன. அவற்றுள் ஒன்றில், கால்களை மடக்கியபடி இருந்த முழுத் தவளைக் குஞ்சு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"வாலைக் காணவில்லையே, மாமா?" என்று மருமகன் கேட்டது நியாயமான கேள்விதான். இலங்கையில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகியுள்ள இந்தப் புதர்த் தவளைகள், தலைப்பிரட்டையாக நீரில் நீந்தும் பருவத்தையே கைவிட்டு, அந்த வளர்ச்சி முழுவதையும் முட்டைக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. பெண் தவளை ஈரமண்ணில் சிறு குழி பறித்து முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிடுகிறது; சில இனங்கள் இலைகளில் ஒட்டிவைக்கின்றன. குஞ்சுக்குத் தேவையான உணவு மஞ்சட்கருவிலேயே இருப்பதால், மீன்களும் தும்பிகளின் இளம்புழுக்களும் காத்திருக்கும் குளத்தை அது நாட வேண்டியதில்லை. ஆனால், ஓடில்லாத அம்முட்டைகள் சற்று உலர்ந்தாலும் கெட்டுவிடும். காடு வெட்டப்பட்டுத் தரையில் வெயில் விழுந்தால் இவற்றுக்கு வேறு புகலிடம் இல்லை. இக்குலத்தில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன.

அன்று தவளைவாயன் பறவையையும் கண்டோம். வழிகாட்டி விரலால் சுட்டிய பின்னரும் அது எங்களுக்குக் காய்ந்த இலைக் கொத்தாகவே தெரிந்தது. ஆளரவம் கேட்டதும் அது பறக்கவில்லை. அலகை மேல்நோக்கி நிமிர்த்தி, கண்களைக் கோடாகச் சுருக்கி, ஒடிந்த கிளையாகிவிட்டது. மூக்கு நுனியில் உருண்டைப் புடைப்புடைய ஓணான் ஒன்று, நாங்கள் நெருங்கியதும் வாயைப் பிளந்து உள்ளேயிருந்த சிவப்பைக் காட்டி மிரட்டியது. மருமகன் எடுத்த படங்களில் பாதி அந்த ஓணானுடையவைதான். இளைஞர்களுக்கு மிரட்டுவது பிடிக்கும் போலும்.

இத்தவளைகளைக் காணக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. இதே குலத்தைச் சேர்ந்த ஓரினம் ஈரவலயத் தாழ்நிலத்தின் வீட்டுத் தோட்டங்களிலும் வாழ்கிறது. ஆகவே, கொழும்பின் புறநகரில் மரங்களுள்ள வளவு வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் சருகுகளை முற்றாகக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டுவைத்து, இருட்டிய பின் கைவிளக்குடன் புதர்களைப் பார்க்கலாம்.