நீதிமன்றம் ஏற்ற நிதி உடன்பாட்டை ரத்து செய்ய இயலுமா?

கேள்வி:
மணமுறிவின்போது நானும் என் முன்னாள் கணவரும் செய்துகொண்ட சொத்துப் பிரிவினை உடன்பாட்டை ஏற்று நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. அவர் தம் நிறுவனப் பங்குகளின் உண்மையான மதிப்பை மறைத்திருந்தார் என்பது இப்போதுதான் ஆவணங்கள் வழியாகத் தெரிய வந்திருக்கிறது. அந்த ஆணையை ரத்து செய்யக் கோரலாமா?

மறுமொழி 1:
கோரலாம். ஆனால், உடன்பாடு நமக்குப் பாதகமாக அமைந்துவிட்டது என்பது மட்டுமே போதிய காரணமாகாது. மோசடி, வற்புறுத்தல், முக்கியத் தகவலை மறைத்தல் போன்றவற்றை ஆதாரத்துடன் காட்ட வேண்டும். பங்குகளைச் சந்தையில் வெளியிடும் திட்டத்தைக் கணவர் மறைத்த ஒரு வழக்கில், 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், உண்மை தெரிந்திருந்தாலும் ஆணை மாறியிருக்காது என்று நிரூபிக்கும் பொறுப்பு வேண்டுமென்றே ஏமாற்றியவரையே சாரும் என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்கச் செய்தது. பாதிக்கப்பட்டவர் மீதே அச்சுமையை ஏற்றாதது மிகவும் நியாயமானது என்று கருதுகிறேன்.

மறுமொழி 2:
தாமதம் உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், ஆவணங்கள் எப்போது, எவ்வாறு கிடைத்தன என்பதை இன்றே எழுதி வைத்துக்கொண்டு குடும்ப வழக்கறிஞரை அணுகுங்கள். ரத்தாகும் வரை ஆணை இருவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே, உங்கள் பங்கிலான கடமைகளைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். மாதாந்தரப் பராமரிப்புத் தொகையைச் சூழ்நிலை மாறினால் திருத்தக் கோருவது தனி நடைமுறை. அதை இதனோடு சேர்க்க வேண்டாம். அவர் எழுத்துமூலம் சொத்து விவரம் அளித்திருந்தாரா?

கேள்வி கேட்டவர்:
ஆம், கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரமே இருக்கிறது.

மறுமொழி 2:
அப்படியெனில், புதிய ஆவணங்களோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய முதல் சான்று அதுவே.