அமைதியான, கொஞ்சம் விசித்திரமான கேம்களை முடித்த அந்தக் கடைசி நிமிடம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பெரிய கேம்களின் முடிவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். கடைசி பாஸை, அதாவது இறுதிப் பெரிய எதிரியை, எத்தனையாவது முயற்சியில் வீழ்த்தினோம், மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது என்று. எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. அவசரமும் சண்டையும் இல்லாத, சில சமயம் வெறும் குறும்பாகவே இருக்கிற ஒரு சின்ன கேமை முடித்துவிட்டு கிரெடிட்ஸ் ஓடும்போது உங்களுக்கு என்ன ஆனது? அப்புறம் என்ன செய்தீர்கள்? முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதனால் இந்த இழை முழுக்க ஸ்பாய்லர் இருக்கும், விளையாடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது ‘எ ஷார்ட் ஹைக்’. 2019-இல் வந்தது, ஆடம் ராபின்சன்-யூ ஏறக்குறையத் தனியாகவே உருவாக்கியது, இசை மட்டும் மார்க் ஸ்பார்லிங். கிளேர் என்கிற பறவைப் பெண் மே ஆன்ட்டியோடு ஒரு மலைப் பூங்காவுக்கு வந்திருக்கிறாள். ஒரு போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள், ஆனால் அங்கே சிக்னல் கிடையாது, ஹாக் பீக் உச்சிக்கு ஏறினால்தான் கிடைக்கும். ஏற வேண்டும், அவ்வளவுதான் கதை. வழியில் தங்க இறகுகள் கிடைக்கும், ஒவ்வொன்று சேரும்போதும் காற்றில் இன்னொரு முறை சிறகடிக்கலாம், பாறையைப் பற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உயரம் ஏறலாம். உச்சிக்குப் பக்கத்தில் போனால் குளிரில் அந்த இறகுகளே உறைந்துபோகும். அந்த இடத்தில் நான் மூன்று முறை வழுக்கி விழுந்தேன். விழுந்தால் தண்டனை எதுவும் இல்லை, சறுக்கிப் பறந்து வேறெங்காவது இறங்குவோம், அங்கே புதிதாக யாராவது பேசுவதற்கு நிற்பார்கள். அதனால் எனக்குக் கோபமே வரவில்லை.

உச்சியில் போன் அடிக்கிறது, அம்மா பேசுகிறார். அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். இவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தோம் என்று அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. கடற்கரையில் ஒரு தவளைக் குழந்தையோடு மண்வெட்டி மாற்றிக்கொண்டது, முயல் தொலைத்த தலைப்பட்டையைத் தேடி அலைந்தது, மட்டையும் பந்துமாக ஒரு விளையாட்டில் பத்து நிமிடம் கழித்தது, இது எல்லாம் ஒரு கவலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்ததுதான் என்று எனக்கு உறைத்தது. மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும், மனசு பெரிய விஷயத்தைத் தொடாமல் சின்னச் சின்ன வேலைகளாகத் தேடிக்கொண்டிருக்கும். நான் அப்படி ஒரு முறை காத்திருந்திருக்கிறேன்.

அழைப்பு முடிந்ததும் அங்கே மேலே கிளம்புகிற காற்றில் ஏறிப் பறக்கிறோம். இரண்டு மணி நேரமாக அங்குலம் அங்குலமாக ஏறிய தீவு முழுதும் காலுக்குக் கீழே. தரையிறங்க மனமே வரவில்லை, வட்டமடித்துக்கொண்டே இருந்தேன். கிரெடிட்ஸ் முடிந்த பிறகும் வெளியேறாமல் சேமித்த அதே ஆட்டத்துக்குத் திரும்பப் போய், வழியில் பாதியில் விட்டுவந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசினேன். கேம் அதைக் கேட்கவில்லை, எனக்குத்தான் சொல்லாமல் கிளம்பப் பிடிக்கவில்லை.

* * *

நல்ல கேள்வி. எனக்கு ‘அன்டைட்டில்டு கூஸ் கேம்’. இதுவும் 2019தான், மெல்போர்னில் உள்ள ஹவுஸ் ஹவுஸ் என்கிற சின்னக் குழு செய்தது. நாம் ஒரு வாத்து. கையில் ஒரு பட்டியல்: தோட்டக்காரரின் சாவியைத் திருடு, இலைவாரியை ஏரியில் போடு, சிறுவனை டெலிபோன் பூத்துக்குள் மாட்டவிடு. கத்துவதற்கென்றே தனியாக ஒரு பட்டன்.

2020-இல் இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் வசதி இலவசமாக வந்தது, அதற்கப்புறம்தான் நானும் தங்கையும் ஆரம்பித்தோம். அந்தச் சமயத்தில் எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. சண்டை இல்லை, ஆனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை. இரண்டு வாத்துகளாக ஒரு கிராமத்தைப் படுத்தத் தொடங்கியதும் எங்களுக்குத் திட்டம் போட வேண்டியிருந்தது. “நீ அந்தப் பக்கம் போய்க் கத்து, அவர் திரும்பியதும் நான் தொப்பியை எடுத்துக்கொள்கிறேன்.” இப்படி ஒரு மணி நேரம் பேசினால் தானாகவே மற்ற பேச்சும் வந்துவிடுகிறது.

இசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பியானோ இசையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள், நாம் என்ன செய்கிறோமோ அதற்கேற்பத் துண்டுகள் வந்து சேரும். பதுங்கிப் போனால் தயங்கித் தயங்கி வாசிக்கும், துரத்தினால் விரல்கள் பறக்கும். அதை முதலில் கவனித்தது தங்கைதான், அப்புறம் வேண்டுமென்றே நின்று நின்று நடந்து இசையை நிறுத்தி நிறுத்திக் கேட்டோம்.

கடைசியில் அந்தக் கிராமத்தின் மாதிரியாகக் கட்டிய குட்டிக் கிராமத்துக்குள் போய் ஒரு மணியைத் திருடி, வந்த வழியெல்லாம் திரும்பி ஓட வேண்டும். மணி வாயில் இருக்கும்போதே அடித்துக் காட்டிக்கொடுக்கும். கிராமமே துரத்துகிறது. ஆரம்பித்த இடத்துக்கு வந்து குழியில் போட்டால், அந்தக் குழி நிறைய ஏற்கெனவே மணிகள்! இந்த வாத்து இதை எத்தனையோ முறை செய்திருக்கிறது. தங்கை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி கேமை மூடிவிட்டு விடிகிற வரைக்கும் பேசினோம். இப்போதும் எனக்கு எப்போதாவது வெறுமனே “மணி” என்று மெசேஜ் அனுப்புவாள், கூப்பிடு என்று அர்த்தம்.

* * *

‘பவர்வாஷ் சிமுலேட்டர்’. அழுக்கான வேன், தோட்டம், விளையாட்டு மைதானம் என்று எதைக் கொடுத்தாலும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஒரு பகுதி முழுதும் சுத்தமானதும் பளிச்சென்று மின்னி ஒரு ‘டிங்’ கேட்கும், அந்த ஒலிக்காகவே நான் வேலை முடிந்து வந்து உட்காருவேன். எனக்குப் பிடித்த முடிவு கதையின் முடிவு இல்லை. ஒவ்வொரு இடத்தையும் முடித்ததும் நாம் கழுவியதை முதலிலிருந்து வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள். ஆறு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது ஒரு நிமிடத்துக்குள் கண் முன்னால் வெளுக்கும். என் உண்மையான வேலையில் எது முடிந்தது, எது முடியவில்லை என்றே தெரியாது, எல்லாம் அடுத்த மாதத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். முடிந்தது என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

* * *

‘அன்பேக்கிங்’ யாரும் சொல்லவில்லையே! விட்ச் பீம் என்கிற ஆஸ்திரேலியக் குழு 2021-இல் வெளியிட்டது. ஒரு பெண் வீடு மாறுகிறாள், நாம் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்குகிறோம், வேறு எதுவும் இல்லை. 1997-இல் ஒரு சிறுமியின் அறையில் தொடங்கி 2018 வரை எட்டு இடங்கள். அவள் நேரில் வருவதே இல்லை, வசனமும் இல்லை.

2010 வீட்டில் அவள் ஒருவனோடு சேர்ந்து வாழப் போகிறாள். அவன் சாமான்கள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவளுடைய பட்டச் சான்றிதழ் சட்டத்தோடு பெட்டியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன், இடம் இல்லை. சமையலறையில் வைத்துப் பார்த்தேன், குளியலறையில்கூட வைத்துப் பார்த்தேன், தவறான இடம் என்று சிவப்புக் கோடு காட்டுகிறது. கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் கட்டிலுக்கு அடியில். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த உறவு எப்படிப் போகும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சொல்லிவிட்டார்கள், அதுவும் நம் கையாலேயே அந்தச் சட்டத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வைத்து.

அடுத்த பெட்டிகளைப் பிரிப்பது 2012-இல், அதே பழைய சிறுமியின் அறையில். அவன் புகைப்படத்தில் முகத்தில் ஒரு குண்டூசி, கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்தால்தான் கேம் ஒத்துக்கொள்கிறது. பின்னால் அதே சான்றிதழுக்குச் சுவரில் இடம் கிடைத்தபோது நான் அதை நேராக மாட்டிவிட்டு, மற்ற சாமானெல்லாம் தரையில் கிடக்க அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கடைசி வீட்டில் ஒரு குழந்தைக்கான அறையைத் தயார் செய்கிறோம். ஒரு ஆளின் வாழ்க்கையை மூன்று நான்கு மணி நேரத்தில் கையால் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. 2022-இல் இதற்கு பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த கதைசொல்லலுக்கான விருது கொடுத்தார்கள். வசனமே இல்லாத கேமுக்கு அந்த விருது. ரொம்பச் சரி.

முடித்த மறுநாள் என் அலமாரியைத் திறந்து, வருஷக்கணக்காக அடியில் கிடந்த ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தேன். என்ன பொருள் என்று சொல்ல வேண்டாம்.

* * *

எல்லாரும் அழ வைக்கிறீர்கள், நான் கொஞ்சம் ‘கட்டமாரி டமாசி’ பேசுகிறேன். 2004, பிளேஸ்டேஷன் 2, கெய்ட்டா தகஹாஷி உருவாக்கியது. அவர் சிற்பம் படித்தவர், விளையாடும்போது அது தெரியும், பொருள்களின் அளவும் வடிவமும்தான் இந்த கேமே. அண்டத்து அரசர் வானத்து நட்சத்திரங்களை எல்லாம் ஒழித்துவிடுகிறார், அவருடைய மகன், ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள இளவரசன், ஓர் ஒட்டும் உருண்டையை உருட்டி, அகப்பட்டதை எல்லாம் ஒட்டவைத்துப் புது நட்சத்திரம் செய்ய வேண்டும். முதலில் குண்டூசி ஒட்டும், அப்புறம் பழம், நாய், மனிதர், கார், கட்டடம். கடைசி லெவல் நிலவு செய்வது, உருண்டை 300 மீட்டர் வர வேண்டும். சற்று முன்னால் எதில் மோதி நின்றோமோ அதையே துரும்பு மாதிரி அள்ளிக்கொண்டு போகிறோம். வானவில்கூட ஒட்டிக்கொண்டது. கிரெடிட்ஸ் ஓடும்போதும் சும்மா விடவில்லை, உலக நாடுகளையே உருட்ட விட்டார்கள். என் பையன் வரைபடத்தில் நாடுகளின் பெயர்களைப் பாதி கற்றது அந்தக் கிரெடிட்ஸில்தான், திரும்பத் திரும்ப அதைப் போடச் சொல்வான்.

* * *

எனக்கு ‘ஸ்பிரிட்ஃபேரர்’. 2020. ஸ்டெல்லா என்கிற பெண்ணும் டாஃபடில் என்கிற பூனையும் ஒரு கப்பலில் இறந்தவர்களின் ஆன்மாக்களை ஏற்றிக்கொண்டு, அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, சமைத்துப் போட்டு, கட்டியணைத்து, அவர்கள் தயாரானதும் கடைசி வாசலில் கொண்டுபோய் விட வேண்டும். கேட்கக் கனமாக இருக்கும், ஆனால் கேம் மெதுவானது, வெளிச்சமானது, பாதி நேரம் மீன் பிடித்துக்கொண்டும் செடி வளர்த்துக்கொண்டும் இருப்போம். ஒருவரை விட்டுவிட்டு வந்தால் அவர் வீடு கப்பலில் அப்படியே இருக்கும், உள்ளே ஒரு பூ இருக்கும். அந்த வீட்டை எடுத்துவிடவும் முடியாது.

பெரும்பாலானவர்களை வழியனுப்பும்போது அவர்கள் கடைசியாக ஏதாவது பேசுவார்கள். அடுல் அப்படி இல்லை. அவர் ஒரு தவளை, கலகலப்பானவர், சாப்பாடு என்றால் உயிர். எல்லாரோடும் சேர்ந்து ஒரு விருந்து வேண்டும் என்று கேட்பார். விதவிதமாகச் சமைத்து வைத்தேன், சந்தோஷமாக முடிந்தது. மறுநாள் காலை அவரைக் காணோம். கப்பல் முழுக்கத் தேடினேன். ஏதோ பிழை என்று நினைத்து கேமை மூடித் திறந்தேன். பிழை இல்லை, அவர் போய்விட்டார். விடைபெறவில்லை, அவரைக் கொண்டுபோய் விடுகிற வேலையைக்கூட நமக்குத் தரவில்லை. என் மாமா ஒருவர் இப்படித்தான் போனார், முந்தின ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு. பத்து வருஷமாக யாரிடமும் நான் அதைப் பேசியதில்லை, அன்றைக்கு என் மனைவியிடம் பேசினேன்.

முடிவு ஸ்டெல்லாவின் முறை. அவளும் பூனையும் அதே வாசலுக்குப் போக வேண்டும். நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன், தேவையே இல்லாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காலியான வீடுகளுக்குள் போய்ப் பார்த்துக்கொண்டு. கேம் அவசரப்படுத்தவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் சொல்லாமல், சரி போகலாம் என்று தோன்றியது, போனேன்.

* * *

முடிக்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘டவுன்ஸ்கேப்பர்’ விளையாடியவர்களுக்குத் தெரியும், கடலில் சொடுக்கினால் வீடு முளைக்கும், இன்னும் சொடுக்கினால் வளைவு, படிக்கட்டு, தோட்டம். இலக்கு இல்லை, முடிவு இல்லை. ஒருநாள் என் ஊர் போதும் என்று எனக்கே தோன்றியது, கடைசியாக ஒரு கலங்கரை விளக்கம் வைத்துவிட்டு நிறுத்தினேன். என் கணக்கில் அதுவும் முடித்ததுதான்.

* * *

இழையைத் தொடங்கியவன்தான். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். வாத்தை வாங்கியாகிவிட்டது, தம்பியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஸ்பிரிட்ஃபேரர் பற்றி எழுதியவருக்கு: அந்த கேமை நான் ஒரு வருஷம் முன்பு பாதியில் விட்டிருந்தேன். உங்கள் பதிவைப் படித்ததும், சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். அடுல் இன்னும் கப்பலில் இருக்கிறார், விருந்து கேட்டுவிட்டார், இரண்டு சாப்பாடுதான் பாக்கி. உங்களுக்குத் தெரியாமல் போனது எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு அவரைக் கட்டியணைத்துவிட்டுக் கப்பலை மீன் பிடிக்கிற பக்கம் திருப்பியிருக்கிறேன், மீதிச் சமையல் அடுத்த வாரம்.